எஃகுக் காசும் எடைக் கணக்கும்

நம்முடைய பாட்டனார் காலத்தில் ஒரு வெள்ளி ரூபாயைக் கையில் வாங்கினால் அதைக் கல்லின்மேல் சுண்டிப் பார்த்த பிறகுதான் மடியில் முடிந்துகொள்வார்கள். நாதம் சுத்தமாக எழுந்தால் நல்ல ரூபாய். 'டொக்' என்று விழுந்தால் கள்ள ரூபாய். அதிலும் சந்தேகம் தீராதவர்கள் பத்தர் வீட்டுத் தராசைத் தேடிப் போவார்கள். ரூபாயின் எடை 180 கிரெய்ன். அதாவது சரியாக ஒரு தோலா. ஆகையால் ரூபாயை எடைபோட எடைக்கல் வேண்டியதில்லை, இன்னொரு நல்ல ரூபாயே போதும். காசுக்கு மரியாதை எடையினால் வந்தது என்னும் எண்ணம் இவ்விதமாக நம் ஜனங்களின் மனத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது.

ஆனால் எடையைக் கொண்டு மட்டும் யோக்கியதையை அறிய முடியாத காசுகளும் உலகத்தில் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இந்த வாரம் சொல்லப் போகிறேன். 1943-ஆம் வருஷத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாணயசாலைகள் எஃகில் அடித்த ஒரு ஸென்ட் காசுதான் அது.

அமெரிக்கக் காசைப் பற்றி நமக்கென்ன கவலை என்று வாசகர்கள் கேட்கக் கூடும். கவலைக்குக் காரணம் இருக்கிறது. பழைய நாணயம் சேர்க்கும் வழக்கம் நம் பிள்ளைகளிடையே நன்றாகப் பரவியிருக்கிறது. அது மிகவும் நல்ல வழக்கம். சரித்திரமும் பூகோளமும் ரஸாயனமும் ஒரு சின்னப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆனால் அந்தப் பெட்டியைக் குறிவைத்து வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பளபளவென்று மின்னும் மூன்று எஃகு ஸென்டுகளை ஓர் அட்டையில் பதித்து, "அச்சிலிருந்து இறங்கியபடியே இருக்கிறது" என்று சொல்லி விற்பது ஒரு வகை. "இந்தக் காசு மற்றதைவிட எடை குறைவு, ஆகவே அபூர்வமானது" என்று சொல்லி விலையை ஏற்றுவது இன்னொரு வகை. சேர்த்து வைத்த பணத்தை ஒரு பையன் இவற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, பிறகு உண்மை தெரிந்து மனம் நொந்தால், காசு போனதோடு அந்த நல்ல வழக்கத்தின்மேல் இருந்த ஆசையும் போய்விடுகிறது. இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் ஏமாற வேண்டியதில்லை.

முதலில் காசு பிறந்த கதையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஒரு ஸென்ட் அதற்கு முன் வெண்கலத்தில் அடிக்கப்பட்டு வந்தது. நூற்றுக்கு 95 பங்கு செம்பு. மிச்சம் வெள்ளீயமும் துத்தநாகமும். எடை 48 கிரெய்ன், அதாவது 3.11 கிராம். 1941 டிஸம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. தோட்டாக்களுக்கும் பீரங்கிக் குண்டுகளின் உறைகளுக்கும் மின்சாரக் கம்பிகளுக்கும் செம்பு வேண்டியிருந்தது. வெள்ளீயத்தின் நிலைமை அதைவிட மோசம். ஈயச் சுரங்கங்களுக்குப் பேர்போன மலாயா 1942-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஜப்பானியர் வசமாகிவிட்டது. நம்மவர்கள் எத்தனையோ பேர் பிழைக்கப் போயிருந்த அதே மலாயாதான். ஆகவே ஸென்ட் அடிப்பதற்கு வேறு பொருள் தேடவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. 1942-ல் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும்கூட மாதிரிகள் செய்து பார்த்தார்கள். கடைசியில் எஃகு தேறியது. 1942 டிஸம்பர் 18-ஆம் தேதி இதற்கு அனுமதி தரும் சட்டம் நிறைவேறியது. மறு வருஷம் முழுவதும் எஃகு ஸென்ட்தான்.

பிலடெல்பியாவில் 68,46,28,670, டென்வரில் 21,76,60,000, ஸான் பிரான்ஸிஸ்கோவில் 19,15,50,000. ஆக மொத்தம் 109 கோடிக்கு மேல். இத்தனை காசும் வெண்கலத்தில் அடிக்கப்பட்டிருந்தால் மூவாயிரம் டன்னுக்கு மேற்பட்ட செம்பு அதில் போயிருக்கும். இந்த ஒரு கணக்கே, "எஃகு ஸென்ட் அபூர்வம்" என்று சொல்கிறவர்களுக்குப் பாதிப் பதில். 109 கோடி அடித்த காசு அபூர்வமாவது ஏது!

வெறும் எஃகு துருப்பிடிக்கும். ஆகையால் அதற்குத் துத்தநாக முலாம் பூசினார்கள். பூசிய விதத்தைக் கவனிக்க வேண்டும். பின்னால் நாம் சொல்லப் போவதற்கெல்லாம் அதுவே அடிப்படை. காசை அடித்துவிட்டு முலாம் பூசவில்லை. நீண்ட எஃகுத் தகட்டின் இருபுறமும் துத்தநாகத்தைப் பூசி, அந்தத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுத்து, அவற்றின்மேல் லிங்கன் முகத்தையும் கோதுமைக் கதிர்களையும் அச்சடித்தார்கள். தோசையைத் தட்டில் வைத்து வட்டக் கிண்ணத்தால் வெட்டினால் மேலும் கீழும் சிவந்திருக்கும், ஓரத்தில் மட்டும் உள்மாவு தெரியும் அல்லவா? அப்படியே இந்தக் காசின் இரு முகங்களிலும் துத்தநாகம். சுற்று விளிம்பில் பெரும்பாலும் வெறும் எஃகு.

இப்போது எடைக்கு வருவோம். எஃகு ஸென்டுக்குச் சட்டப்படியான எடை ஒன்றல்ல, இரண்டு. ஆரம்பத்தில் 41.5 கிரெய்ன், அதாவது 2.69 கிராம். அதே வருஷத்திலேயே பின்னர் அடித்தவை 42.5 கிரெய்ன், அதாவது 2.75 கிராம். ஆகவே இரண்டு எஃகு ஸென்டுகளைத் தராசின் இரு தட்டுகளில் வைத்தால் ஒரு தட்டுச் சற்றே தாழ்வது இயற்கை. அதில் கள்ளமும் இல்லை, அபூர்வமும் இல்லை.

இது ஒருபுறமிருக்க, எந்த நாணயசாலையிலும் ஒவ்வொரு காசும் குறித்த எடையில் அணுவளவும் பிசகாமல் பிறப்பதில்லை. மேலும் கீழும் இவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்று சலுகை உண்டு. அமெரிக்க வெண்கல ஸென்டுக்கு அந்தச் சலுகை இருபுறமும் 2 கிரெய்ன். நம் பத்தர்களின் கணக்கில் ஏறக்குறைய ஒரு குன்றிமணி. அதே சலுகையை எஃகு ஸென்டுக்கும் வைத்துப் பார்த்தால், முதல் வகையில் மிகவும் இளைத்த காசு 39.5 கிரெய்ன் இருக்கும். இரண்டாம் வகையில் மிகவும் பருத்தது 44.5 கிரெய்ன் இருக்கும். 5 கிரெய்ன், அதாவது 0.32 கிராம் வித்தியாசமுள்ள இரண்டு காசுகளும் முற்றிலும் நல்ல காசுகளாகவே இருக்கக்கூடும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தகட்டின் கனத்திலிருந்து. உருளைகளுக்கிடையே எஃகை அழுத்தித் தகடாக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே கனமாக வராது. ஸென்டின் குறுக்களவு 19.05 மில்லிமீட்டர், ஒரு முகத்தின் பரப்பு சுமார் 2.85 சதுர சென்டிமீட்டர். தகடு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு தடித்துவிட்டால், காசின் எடை 0.022 கிராம் கூடிவிடுகிறது. நூற்றில் மூன்று பங்கு தடித்தால் ஒரு கிரெய்னுக்குச் சற்று மேலாகவே கூடும். நூற்றில் மூன்று பங்கு மில்லிமீட்டர் என்பது ஒரு மெல்லிய காகிதத்தின் கனம்கூட இல்லை. உருளை அவ்வளவு அசைந்ததற்காக ஒரு காசை அதிசயம் என்று கொண்டாட வேண்டுமா?

அடுத்தபடியாக, பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பழைய முலாம் தேய்ந்த காசு எடை குறையுமல்லவா? புதிதாக முலாம் பூசிய காசு எடை கூடுமல்லவா? தராசில் வைத்தால் கண்டுபிடித்துவிடலாமே?"

கேள்வி நியாயமானது, ஆனால் கணக்கு அதற்கு இடங்கொடுக்கவில்லை. இந்தக் காசின் துத்தநாகப் பூச்சு ஒவ்வொரு முகத்திலும் சுமார் 13 மைக்ரான் கனம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் 13 கூறு. இரண்டு முகங்களின் பரப்பையும் துத்தநாகத்தின் அடர்த்தியையும் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். அந்தக் காசில் உள்ள துத்தநாகம் முழுவதற்கும் எடை 0.05 கிராம்தான், ஒரு கிரெய்ன்கூட இல்லை. முலாம் முழுவதையும் உரித்து எடுத்துவிட்டாலும் சரி, அதே கனத்தில் மறுபடி பூசினாலும் சரி, அந்த மாறுதல் சலுகைக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு காசு 2.66 கிராம் இருந்தால் அது இளைத்த தகட்டில் பிறந்ததா, முலாம் தேய்ந்ததா, திராவகத்தில் குளித்து எழுந்ததா என்பதை எந்தத் தராசும் சொல்லாது.

துருவின் வேலை இன்னும் வேடிக்கையானது. துரு பிடித்தால் காசு இளைக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் 7 பங்கு இரும்பு 3 பங்கு பிராணவாயுவைக் காற்றிலிருந்து வாங்கிக்கொண்டு 10 பங்கு துருவாகிறது. அதில் ஈரமும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. ஆகவே துரு ஒட்டிக்கொண்டிருக்கும் வரையில் காசு பருக்கிறது. உதிர்ந்த பிறகு இளைக்கிறது. நோயாளியின் உடல் வீங்கியிருப்பதைப் பார்த்துச் சதை பிடித்திருக்கிறது என்று சொல்லலாமா?

சரி, துத்தநாகம் இரும்பை எப்படிக் காக்கிறது? நம் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கும் துத்தநாகம் பூசிய வாளியே இதற்கு உதாரணம். ஈரம் பட்டால் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. சற்றுக் கீறல் விழுந்து உள்ளே இரும்பு தெரிந்தாலும், பக்கத்தில் துத்தநாகம் இருக்கும் வரையில் அது துருப்பிடிப்பது தாமதப்படுகிறது. துத்தநாகம் மங்கி நீலம் கலந்த சாம்பல் நிறமாகவும், பிறகு கறுத்தும் போவது அது சோம்பியிருப்பதனால் அல்ல. தன் கடமையைச் செய்வதனால்தான். ஆனால் வியர்வைக் கைகளிலும் ஈரமான சட்டைப் பைகளிலும் கிடந்து உழன்ற காசில், மூடப்படாத அந்த விளிம்பிலிருந்துதான் துரு முதலில் கிளம்பியது.

ஜனங்களுக்கும் இந்தக் காசு பிடிக்கவில்லை. புதிதில் அது பத்து ஸென்ட் வெள்ளிக் காசைப் போல் தோன்றியதால் கணக்கில் குழப்பம் உண்டாயிற்று. காசு போட்டால் பண்டம் தரும் யந்திரங்களில், இரும்பு வில்லைகளைப் போட்டு ஏமாற்றுகிறவர்களைத் தடுப்பதற்காகக் காந்தம் வைத்திருந்தார்கள். ஸர்க்கார் அடித்த காசையே அந்தக் காந்தம் கள்ளக் காசு என்று பிடித்துக்கொண்டது! 1944-ல் மறுபடி செம்பு கலந்த காசே வந்தது. சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளை உறைகளை உருக்கி அதற்கு உபயோகித்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு எஃகு ஸென்டுகளைத் திரும்பப் பெற்றுக் கழிக்கும் வேலையும் நடந்தது. ஆனாலும் 109 கோடியில் எத்தனையோ மிஞ்சிவிட்டன. அவை மங்கியும் கறுத்தும் துருவேறியும் பெட்டிகளில் தங்கின.

இங்கேதான் மறுமுலாம் வியாபாரம் புகுந்தது. கறுத்த காசுக்கு வாங்குவோர் இல்லை. மின்னும் காசுக்கு ஆசைப்படுவோர் பலர். கறுத்த காசைத் திராவகத்தில் போட்டுப் பழைய துத்தநாகத்தையும் துருவையும் கரைத்துவிட்டு, மின்சாரத் தொட்டியில் வைத்துப் புதிதாகத் துத்தநாகமோ குரோமியமோ பூசிவிட்டால் காசு கண்ணாடியாக மின்னும். மூன்று நாணயசாலைகளின் காசுகளையும் ஒரே அட்டையில் வைத்தால் பார்ப்பதற்கு வெகு அழகு.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது நமக்குப் புதிதல்லவே, அதில் என்ன தவறு என்று கேட்கலாம். ஈயம் பூசுவதில் மோசமில்லை. ரசம் கெடாமல் இருப்பதற்காக, வீட்டுக்காரரின் கண்ணெதிரே பூசுகிறார்கள். பாத்திரம் நேற்று வாங்கியது என்று யாரும் சொல்வதில்லை. காசு விஷயமும் அப்படியே. "இது மறுபடி முலாம் பூசியது" என்று சொல்லி, அதற்குத் தகுந்த அற்ப விலைக்கு விற்றால் குற்றமில்லை. குழந்தைக்கு விளையாட்டுக் காட்டலாம். சொல்லாமல் விற்பதுதான் குற்றம். "ஈயம் பூசின மாதிரியும் இருக்கவேண்டும், பூசாத மாதிரியும் இருக்கவேண்டும்" என்று ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழியை நம்பிப் பிழைக்கிறவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

தராசு கைவிட்டுவிட்டது என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சாதாரண பூதக்கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும் போதும். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது நான்கு சோதனைகள்.

முதற் சோதனை விளிம்பு. முலாம் பூசிய தகட்டிலிருந்து வெட்டிய காசின் விளிம்பில் வெட்டுண்ட எஃகு தெரியவேண்டும் என்று பார்த்தோம். முகத்திலிருக்கும் துத்தநாகம் வெட்டும்போது இழுபட்டு ஓரத்தில் கொஞ்சம் படிந்திருக்கலாம். ஆனால் விளிம்பு முழுவதையும் மூடியிருக்காது. மறுமுலாம் பூசும்போது காசு முழுவதும் தொட்டியில் மூழ்குகிறது. ஆகையால் விளிம்பும் முகத்தைப் போலவே ஒரே மினுக்காக இருக்கும். முகத்துக்குப் பூசுகிறவன் விளிம்பை மறந்துவிடுவதில்லை; விளிம்பையும் மூடிவிடுவதனாலேயே அகப்பட்டுக்கொள்கிறான்.

இரண்டாவது ஒளி. அச்சின் கீழ் உலோகம் பலத்த அழுத்தத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு நெளிந்து ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் மெல்லிய கோடுகள் புதிய காசின்மேல் தங்கியிருக்கும். விளக்கின் கீழ்க் காசை மெதுவாகச் சாய்த்துத் திருப்பினால் வண்டிச் சக்கரத்தின் ஆரைகளைப் போல ஒளி சுழன்று வரும். மறுமுலாம் அந்தக் கோடுகளை மூடிவிடுகிறது; திருப்பினாலும் ஒளி சுழலாது, கண்ணாடிச் சில்லைப் போல ஒட்டுமொத்தமாக மினுக்கும்.

மூன்றாவது தேய்மானம். காசு புழங்கினால் முதலில் தேய்வது மேடான இடங்கள்: லிங்கனுடைய கன்னமும் தாடையும், பின்புறத்தில் கோதுமைக் கதிர்களின் கோடுகளும். அந்த இடங்கள் மழுங்கியிருக்க, காசு மட்டும் புதிதாக மின்னினால் சந்தேகமே வேண்டாம். தலை நரைத்துப் பல் விழுந்தவர் மாப்பிள்ளைக் கோலம் பூண்டு நின்றால், உடையைப் பார்த்து வயதை நிர்ணயிப்பார்களா?

நான்காவது குழிகள். துரு தின்ற இடத்தில் ஊசிமுனைப் பள்ளங்கள் இருக்கும். மேலே புது முலாம் படிந்தாலும் பள்ளம் நிரம்புவதில்லை. பளபளப்பான சமவெளியில் அம்மைத் தழும்பு போல அவை காட்டிக்கொடுக்கும். குரோமியம் பூசிய காசில் இன்னொரு விபரீதமும் உண்டு. துத்தநாகம் இரும்புக்காகத் தன்னைக் கொடுக்கும். குரோமியம் அப்படிச் செய்யாது. அதில் ஒரு நுண்ணிய துவாரம் இருந்தாலும் ஈரம் உள்ளே புகுந்து, குரோமியத்தைத் தொடாமல் இரும்பையே தின்னும். வெளியே மின்னிக்கொண்டே உள்ளுக்குள் காசு அழிகிறது.

இப்படியெல்லாம் சொன்னதனால் தராசைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டாம். முலாமைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அதற்குத் தகுதியில்லை என்றேனே தவிர, உலோகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அதற்கு நல்ல தகுதி உண்டு.

1943-ல் எஃகுக்கு மாறியபோது பழைய வெண்கல வில்லைகள் சில தவறிப்போய் அச்சின் கீழ் அகப்பட்டுக்கொண்டன. அப்படிப் பிறந்த 1943-ஆம் வருஷத்து வெண்கல ஸென்டுகள் உலகத்தில் மிகச் சிலவே உள்ளன. டென்வர் நாணயசாலையின் அத்தகைய காசு ஒன்று 2010-ல் 17 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. உடனே எஃகு ஸென்டின்மேல் செம்பு முலாம் பூசி ஆசை காட்டுவோர் கிளம்பாமல் இருப்பார்களா? அவர்களுக்குத் தராசே எமன். சலுகையைச் சேர்த்தாலும் வெண்கல ஸென்ட் 46 கிரெய்னுக்குக் கீழே இறங்காது. எஃகு ஸென்ட் 44.5 கிரெய்னுக்கு மேலே ஏறாது. நடுவில் இடைவெளி இருக்கிறது. மெல்லிய செம்பு முலாமினால் அதைத் தாண்ட முடியாது. தராசு இல்லாதவர்கள் ஒரு காந்தத்தைக் காட்டினால் போதும். ஒட்டிக்கொண்டால் உள்ளே எஃகு. ஆனால் 1948-ஆம் வருஷத்து வெண்கலக் காசில் 8-ஐச் சுரண்டி 3 ஆக்குகிற கைதேர்ந்தவர்களும் உண்டு. அந்தக் காசு தராசையும் ஜயிக்கும், காந்தத்தையும் ஜயிக்கும். அப்போது ஒரு சாதாரண எஃகு ஸென்டைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் 3-களையும் பூதக்கண்ணாடியால் ஒப்பிட வேண்டும். உண்மையான 3-இன் வால் நீண்டு கீழே இறங்கியிருக்கும்.

எடையின் வழியாகச் சரித்திரம் வெளிப்படுவதும் உண்டு. 1944-ல் ஜெர்மானியர் பிடியிலிருந்து விடுபட்ட பெல்ஜியம் தேசத்துக்கு 2 பிராங்க் காசு வேண்டியிருந்தது. எஃகு ஸென்டுக்காகத் தயாரித்து மிஞ்சிய துத்தநாகம் பூசிய வில்லைகளிலேயே பிலடெல்பியா நாணயசாலை இரண்டரைக் கோடி காசுகளை அடித்துக் கொடுத்தது. அந்தப் பெல்ஜியக் காசின் எடை 2.75 கிராம், லிங்கன் ஸென்டின் இரண்டாவது எடை அப்படியே. ராஜ்யமும் எழுத்தும் வேறானாலும் உடம்பு ஒன்று என்பதைத் தராசு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது.

மங்கலாக இருப்பது தாழ்ந்தது என்னும் எண்ணத்தைப் பொய்யாக்கும் காசு ஒன்றும் உண்டு. கனடா தேசத்தில் 1944, 1945 வருஷங்களில் ஐந்து ஸென்ட் காசைப் பன்னிரண்டு பக்கங்களோடு எஃகில் அடித்து, நிக்கலும் அதன்மேல் குரோமியமும் பூசினார்கள். குரோமியம் படியாமல் தப்பிய காசுகள் சில அவற்றில் உண்டு. அவை மங்கல் நிறம்; ஆனால் சேகரிப்பவர்கள் அவற்றையே அதிக மதிப்போடு தேடுகிறார்கள். அப்படி ஒன்று அறியாதவர் கையில் அகப்பட்டு, அழகுபடுத்துவதாக நினைத்து அவர் குரோமியம் பூசிவிட்டால் என்ன ஆகும்? அபூர்வமான காசு ஒரு நொடியில் சாமான்யமாகிவிடும்.

இதிலிருந்து நம் வீடுகளுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. பழைய காசு கையில் கிடைத்ததும் புளியும் சாம்பலும் எலுமிச்சம் பழமும் கொண்டு தேய்ப்பது நம் பெண்மணிகளின் நல்லெண்ணம். குத்துவிளக்குக்கு அது பொருந்தும், காசுக்குப் பொருந்தாது. புளிப்புப் பட்டால் துத்தநாகம் கரையும். சாம்பல் பட்டால் முகம் கீறும். எஃகுக் காசை ஓரத்தில் பிடித்து எடுக்க வேண்டும். ஈரமில்லாத இடத்தில், உலர்ந்த காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். அதற்கு மேல் அதற்கு ஒரு சிங்காரமும் தேவையில்லை.

அமெரிக்கர் எஃகு ஸென்டு அடித்த அதே 1943-ல் நம் நாட்டிலும் செம்பு மிச்சம் பிடிக்க ஒரு காசு வந்தது. காலணாவின் நடுவே பெரிய துளை போட்டுவிட்டார்கள். "ஓட்டைக் காலணா" என்று அதற்கு ஜனங்கள் பெயர் வைத்தார்கள். இரண்டு காசுகளும் ஒரே யுத்தத்தின் பிள்ளைகள். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்கர் தாங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இயற்றிய சட்டத்தினால் தங்கள் காசை மாற்றிக்கொண்டார்கள். நம்மை யுத்தத்தில் சேர்த்தபோதும் யாரும் கேட்கவில்லை. நம் காசில் துளை போட்டபோதும் யாரும் கேட்கவில்லை. வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் சோறின்றி மாண்ட வருஷமும் அதுவே. அந்தக் காலணாவின் துளையை இன்று யாராவது செம்பு வைத்து அடைத்து, மெருகேற்றி, "பழுதில்லாத காசு" என்று விற்க வந்தால் நாம் வாங்குவோமா? அந்தத் துளையில்தான் அந்தக் காலத்தின் கதை இருக்கிறது.

எஃகு ஸென்டின் மங்கலும் அப்படிப்பட்டதே. செம்பு கிடைக்காத ஒரு வருஷத்தில், பல கோடி ஜனங்கள் பிடிக்காமலே கையில் வாங்கி, ரொட்டிக்கும் பாலுக்கும் கொடுத்து மாற்றிய காசு அது. அதன் கறுப்பு அவர்களுடைய கைகள் பட்டு வந்தது. முலாம் அந்தக் கைகளை அழித்துவிட்டு, யாரும் தொடாத காசு என்று ஒரு பொய்யை எழுதுகிறது. அந்தப் பொய்க்குத்தான் அதிக விலை கேட்கிறார்கள்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒரு மினுக்கும் எஃகுக் காசைக் கொண்டுவந்து, "அப்பா, இது எடை குறைவாம், அபூர்வமாம்" என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், தராசைத் தேடியும் ஓடாதீர்கள். பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, "முதலில் விளிம்பைப் பார்" என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவனே கண்டுபிடித்துவிடுவான்.